பொறுப்பு மட்டும் கொடுத்தார்கள்

2020 மார்ச் 27ஆம் தேதி தொடங்கியிருக்க வேண்டியது தமிழகத்தின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. கொரோனா வந்ததும் அது ஏப்ரல் நடுப்பகுதிக்குத் தள்ளிப்போனது. பிறகு ஜூன் 1 என்றார்கள், அதற்குப் பிறகு ஜூன் 15 என்றார்கள். ஜூன் 8ஆம் தேதி ஹால் டிக்கெட் கொடுக்கும் வேலை தொடங்கியது. அதற்காக ஆசிரியர்கள் இ-பாஸ் வாங்கிக்கொண்டு, பேருந்து சரியாக ஓடாத நாட்களில், பள்ளி இருக்கும் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். மறுநாளே தேர்வு ரத்து என்று முதல்வர் அறிவித்தார். ரத்து செய்தது சரியான முடிவு. அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அத்துடன் வேலை முடியவில்லை. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். அந்தப் பழைய மதிப்பெண்ணை நிரூபிக்கும் விடைத்தாளும் ரேங்க் கார்டும் தேவைப்பட்டன. திருத்திய விடைத்தாளை மாணவரிடமே கொடுத்துவிடுவதுதான் பள்ளிகளின் நெடுநாள் வழக்கம். பொதுத்தேர்வுக்கு ஒத்திகையாக நடத்திய அரையாண்டுத் தேர்வின் தாள், ஆறு மாதம் கழித்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் ஆவணமாகும் என்று எந்த ஆசிரியரும் நினைத்திருக்க முடியாது. அதைத் தேடித்தரும் பொறுப்பு மட்டும் அவர் தலையில் விழுந்தது.

பெருந்தொற்றுக் காலத்தில் ஆசிரியர்களின் மனநலம் ஏன் சீர்குலைந்தது என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, நோய் பயம். இன்னொரு விடை, ஆன்லைன் வகுப்பு தந்த அலுப்பு. இரண்டிலும் உண்மை உண்டு, ஆனால் இரண்டும் விஷயத்தின் ஓரத்தைத்தான் தொடுகின்றன. ஒருவரைப் பொறுப்பாளி ஆக்கிவிட்டு, அந்தப் பொறுப்பை நிறைவேற்றத் தேவையான அதிகாரத்தையும் தகவலையும் பணத்தையும் பாதுகாப்பையும் கொடுக்காமல் விட்டால் மனம் உடையும். நம் பள்ளிக்கல்வி அமைப்பு 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஆசிரியர்களை அந்த நிலையில்தான் வைத்திருந்தது. ஆகவே இது யோகா வகுப்பாலும் தன்னம்பிக்கைச் சொற்பொழிவாலும் தீர்கிற பிரச்சினை அல்ல. பணி ஒழுங்கமைக்கப்பட்ட விதத்தில் கோளாறு இருந்தது. திருத்தமும் அங்கேதான் வேண்டும்.

முதலில் சான்றுகளைப் பார்ப்போம். அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2021 தொடக்கத்தில் நடத்திய கணக்கெடுப்பில், அடிக்கடி பணி அழுத்தத்துக்கு உள்ளாவதாகச் சொன்ன ஆசிரியர்கள் 78 சதவீதம். வேலையில் இருக்கும் மற்றப் பெரியவர்களில் அது 40 சதவீதம்தான். மனச்சோர்வின் அறிகுறிகள் ஆசிரியர்களில் 27 சதவீதத்தினரிடமும் பொதுவாகப் பெரியவர்களில் 10 சதவீதத்தினரிடமும் காணப்பட்டன. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலும் நவாராவிலும் 2020 செப்டம்பரில், பள்ளிகள் திறந்த நேரத்தில், 1,633 ஆசிரியர்களிடம் கேட்டபோது ஏறக்குறையப் பாதிப்பேரிடம் பதற்றமும் மன அழுத்தமும் இருந்தன. யோசிக்க வைக்கும் ஆய்வு இன்னொன்று. 2020 செப்டம்பர் முதல் 2021 மார்ச் வரை அமெரிக்காவில் ஃபேஸ்புக் வழியாக லட்சக்கணக்கான பணியாளர்களிடம் கேட்டுத் தொகுத்த தரவு அது. ஆசிரியர்கள் மட்டுமே ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல். பதற்ற அறிகுறிகளைச் சொல்லும் வாய்ப்பு மருத்துவத் துறையினரைவிட ஆசிரியர்களிடம் 40 சதவீதம் கூடுதலாக இருந்தது என்பது அதன் முடிவு. வீட்டிலிருந்து பாடம் நடத்தியவர்களில் தனிமை உணர்வு, பள்ளிக்கு நேரில் போனவர்களைவிட 60 சதவீதம் கூடுதல்.

இந்த எண்களை அப்படியே தமிழகத்தின்மேல் ஒட்டக் கூடாது. அவை வேறு நாட்டின் எண்கள். கேள்வித்தாளில் டிக் அடிப்பது மருத்துவர் செய்யும் நோயறிதலுக்குச் சமமும் அல்ல. துயரத்தில் இருப்பவர் எல்லோரும் நோயாளிகள் அல்லர் என்று மனநல மருத்துவர்கள் எச்சரிப்பது நியாயமே. ஆனால் அந்த எச்சரிக்கை நம் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. இது நோய் என்பதைவிடச் சூழ்நிலைக்கு மனம் காட்டிய இயல்பான எதிர்வினை என்றால், மருந்து கொடுக்க வேண்டியது சூழ்நிலைக்குத்தான். மருத்துவமனையில் ஆபத்து மிக அதிகம். அப்படியிருக்க ஆசிரியர்களிடம் பதற்றம் கூடுதலாக இருப்பானேன்? ஸ்வீடனில் பணிபுரிந்தவர்களின் தரவையும் வைத்து அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த விளக்கம் இங்கே பொருந்துகிறது. வேலையின் சுமை அதிகமாக இருப்பது மட்டும் மனிதனை நொறுக்கிவிடாது. சுமை அதிகமாகவும் அந்த வேலைமேல் தனக்கிருக்கும் பிடி குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் நொறுங்குகிறான் என்றார் அவர். இங்கிலாந்தில் கிடைத்த தரவும் இதே பக்கம் கைகாட்டுகிறது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபின் வகுப்பாசிரியர்களின் பணிசார்ந்த பதற்றம் தணிந்தது, தலைமையாசிரியர்களிடம் தணியவில்லை. கிருமி இருவருக்கும் ஒன்றுதான். மேலிருந்து வரும் மாறிமாறிய உத்தரவுக்குக் கீழே பதில் சொல்ல வேண்டியிருந்தவர்கள் தலைமையாசிரியர்கள்.

தமிழக அரசுப் பள்ளி ஆசிரியருக்கு உத்தரவு வந்த வழி வாட்ஸ்அப். மாவட்டக் குழு, வட்டாரக் குழு, குறுவளமையக் குழு, பள்ளிக் குழு என்று ஒரே கைபேசியில் நாலைந்து குழுக்கள். ‘மிக மிக அவசரம், தனிக் கவனம்’ என்ற தலைப்போடு ஓர் எக்செல் படிவம் வரும். இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும் என்று அடியில் இருக்கும். அதே விவரம் போன மாதமே பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்றப்பட்டிருக்கும், ஆனாலும் மறுபடி கேட்பார்கள். சர்வர் பகலில் திணறும் என்பதால் பதிவேற்றம் நள்ளிரவுக்கும் விடிகாலைக்கும் தள்ளிப்போகும். படித்துவிட்டார் என்பதற்கு நீல டிக் சாட்சி. பதில் வராவிட்டால் குழுவில் பெயர் வரும். ஊரடங்குக்கு முன்பு இந்தப் பழக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் பள்ளி மணி அடித்து ஒரு நாள் முடிந்தது என்கிற எல்லை அப்போது இருந்தது. அந்த எல்லை 2020இல் அழிந்தது. இன்றுவரை அது திரும்பக் கிடைக்கவில்லை என்று ஆசிரியர் சங்கங்கள் சொல்வதில் மிகையில்லை.

பாடம் நடத்தும் வேலையிலும் இதே கதைதான். ஊரகக் குடும்பங்களில் ஸ்மார்ட்போன் இருப்பது 2018இல் 36.5 சதவீதமாக இருந்து 2020இல் 61.8 சதவீதமானது என்று ஊரகக் கல்வி நிலையை ஆராயும் அசர் ஆய்வு கணக்குச் சொன்னது. நல்ல வளர்ச்சி போலத் தெரியும் எண் இது. ஆனால் வீட்டில் போன் இருப்பது வேறு, பிள்ளையின் கைக்குக் கிடைப்பது வேறு. போன் அப்பாவோடு கட்டட வேலைக்கோ லோடு ஏற்றவோ போய்விடும். இரவு எட்டு மணிக்கு மேல்தான் பிள்ளை கேட்ட சந்தேகம் ஆசிரியருக்கு வந்து சேரும், அதுவும் டேட்டா மிச்சம் இருந்தால். முப்பத்தைந்து பேர் வகுப்பில் ஏழெட்டுப் பேர் இணைவார்கள், அவர்களும் வீடியோவை அணைத்து வைத்திருப்பார்கள். ஒரு முகத்தைப் பார்த்தே ‘புரியலையா?’ என்று கேட்டுப் பழகிய தொழில்காரருக்கு இது கையைக் கட்டிப்போட்டது போன்றது. கல்வித் தொலைக்காட்சி உதவியது, ஆனால் அங்கே பேசுகிறவருக்குப் பிள்ளையின் பெயர் தெரியாது. மேல்வகுப்புப் பையன்கள் வேலைக்குப் போய்விட்டதும், பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசத் தொடங்கியதும் முதலில் தெரிந்தது ஆசிரியருக்குத்தான். எத்தனை பேர் இடைநின்றார்கள் என்ற படிவத்தை நிரப்ப வேண்டியவரும் அவர்தான். ஒரு பிள்ளை கைநழுவுவதைப் பார்த்துக்கொண்டே அதைத் தடுக்க வழியில்லாமல் இருப்பது மனசாட்சியைக் காயப்படுத்தும். இந்தக் காயத்தைக் களைப்பு என்று எழுதிவிட்டால் அதன் ஆழம் தெரியாமல் போகும்.

வகுப்பறைக்கு வெளியே நடந்தது இன்னும் கடுமையானது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 27ஆவது பிரிவில், ஆசிரியர்களைக் கல்வி சாராத பணிக்கு அனுப்பக் கூடாது என்கிறது. மூன்று விதிவிலக்குகள் மட்டும் உண்டு: பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம். பெருந்தொற்று பேரிடர் ஆனதும் மூன்றாவது கதவு முழுவதுமாகத் திறந்துகொண்டது. டெல்லியில் ஆசிரியர்கள் ரேஷன் வழங்கினார்கள்; அங்கே வடக்கு மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் பலர் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமலே இந்தப் பணியைச் செய்தார்கள், உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. கர்நாடகத்தில் கோயில் திண்ணையிலும் மரத்தடியிலும் பாடம் நடத்திய ‘வித்யாகமா’ திட்டத்தை, ஆசிரியர்கள் இறந்த செய்திகள் வந்தபின் 2020 அக்டோபரில் நிறுத்திவைத்தார்கள். தமிழகத்தில் 2021 ஏப்ரல் 6ஆம் தேதி சட்டமன்றத் தேர்தல். வாக்குப்பதிவு காலை ஏழு மணி முதல் இரவு ஏழு மணி வரை. கடைசி ஒரு மணி நேரம் கொரோனா நோயாளிகளுக்கு ஒதுக்கியது. அந்த ஒரு மணி நேரம் கவச உடை மாட்டிக்கொண்டு அமர்ந்திருந்த வாக்குச்சாவடி அலுவலர்களில் கணிசமானோர் பள்ளி ஆசிரியர்கள்.

இதன் உச்சத்தை உத்தரப் பிரதேசத்தில் பார்த்தோம். 2021 ஏப்ரல் 15, 19, 26, 29 ஆகிய தேதிகளில், இரண்டாம் அலையின் நடுவே, நான்கு கட்டமாகப் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. வாக்கு எண்ணிக்கையையாவது தள்ளிவையுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் கெஞ்சின. மே 2ஆம் தேதி எண்ணிக்கை நடந்தேறியது. இறந்துபோன 1,621 ஆசிரியர்கள், கல்வித் துறை ஊழியர்களின் பட்டியலை மாவட்ட வாரியாக அம்மாநிலத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கம் வெளியிட்டது. கல்வித் துறை சொன்ன எண்ணிக்கை 3. மூன்று பேர். பணிக்காக வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து வீடு திரும்பும்வரை உள்ள நேரத்தில் நிகழ்ந்த மரணம்தான் தேர்தல் பணி மரணம் என்பது அவர்கள் காட்டிய விதி. விபத்துக்கும் கலவரத்துக்கும் எழுதிய விதி அது. கொரோனா தொற்றி அறிகுறி தெரியவே பல நாள் ஆகும், மரணம் நேர வாரங்கள் ஆகும். வாக்குச்சாவடியில் தொற்றி, வீட்டில் காய்ச்சல் வந்து, ஆக்சிஜன் கிடைக்காமல் இறந்தவர் இந்த விதியின்படி பணியில் இறந்தவர் அல்லர். எதிர்ப்பு வலுத்தபின் விதியைத் திருத்தினார்கள்: பணி நாளிலிருந்து 30 நாளுக்குள் கொரோனாவால் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய். இழப்பீடு குறைந்தது ஒரு கோடியாக இருக்க வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் ஏற்கெனவே கருத்துச் சொல்லியிருந்தது. தொகை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சில நாட்களில் ‘3’ என்ற எண்ணைப் படித்த ஆசிரியர்களை நினைத்துப் பாருங்கள். பக்கத்து மேசைக்காரர் இறந்துவிட்டார், எண்ணிக்கையில் அவர் இல்லை. நாளை நாம் போனாலும் இருக்கமாட்டோம். ஓர் அமைப்பு தன் ஊழியரின் சாவையே ஏற்க மறுத்தபின், அதே அமைப்பு தரும் கவுன்சலிங் எண்ணை எந்த நம்பிக்கையில் அழைப்பார்கள்?

தனியார் பள்ளி ஆசிரியர்களின் துன்பம் வேறு மாதிரியானது. அங்கே உத்தரவுச் சுமையோடு பசியும் சேர்ந்தது. தமிழகத்தில் பெற்றோரைக் கட்டணம் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 2020 ஏப்ரலில் அரசு ஆணையிட்டது. ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் 40 சதவீதத்தை முதலிலும் 35 சதவீதத்தைப் பள்ளி திறந்தபின்னும் வசூலிக்கலாம் என்றது. பெற்றோருக்கு நிவாரணம் கிடைத்தது, பள்ளிகளுக்கும் ஓரளவு வழி கிடைத்தது. வசூலாகும் பணத்தில் ஆசிரியர் சம்பளம் முதலில் என்பதை உறுதிசெய்ய மட்டும் ஓர் ஏற்பாடு இல்லை. பாதிச் சம்பளம், கால் சம்பளம், சில இடங்களில் சம்பளமே இல்லை. காலையில் ஆன்லைன் வகுப்பு எடுத்த அதே ஆசிரியர், மாலையில் ‘ஃபீஸ் கட்டிட்டீங்களா?’ என்று பெற்றோருக்குப் போன் போட வேண்டியிருந்தது. மரியாதையே மூலதனமான தொழிலில் அது எத்தனை பெரிய இழப்பு! நூறுநாள் வேலைக்கும் காய்கறி வியாபாரத்துக்கும் போன பி.எட். பட்டதாரிகள் நம் ஊர்களிலேயே இருந்தார்கள். ஒன்றிய அரசின் யுடைஸ் கணக்குப்படி, நாட்டின் ஆசிரியர் எண்ணிக்கை 2020-21இல் சுமார் 97 லட்சம், அடுத்த ஆண்டு சுமார் 95 லட்சம். ஒரே ஆண்டில் குறைந்த கிட்டத்தட்ட 2 லட்சத்தில் தனியார் பள்ளிகளின் பங்கு பெரிது. தெலங்கானா 2021 ஏப்ரலில் தனியார் பள்ளி ஊழியர்களுக்கு மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் அறிவித்தது. சிறிய உதவிதான், ஆனாலும் நீங்கள் இருப்பது எங்களுக்குத் தெரியும் என்று ஓர் அரசு சொன்னது. அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே மே மாதச் சம்பளம் இல்லாத பகுதிநேர ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்; அவர்களுடைய தொகுப்பூதியம் 2021இல்தான் 10,000 ரூபாயைத் தொட்டது.

இங்கேதான் பலர் கேட்கும் கேள்வி வருகிறது. அரசு ஆசிரியர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு முழுச் சம்பளம் வாங்கினாரே, ஊரே வேலையிழந்து நின்றபோது அவருக்கு என்ன மன உளைச்சல்? கேட்பவர்கள் பெரும்பாலும் நிஜமாகவே வேலையிழந்தவர்கள். அவர்கள் கோபத்தைத் தள்ளிவிட முடியாது. மாதச் சம்பளம் என்பது அந்த நாட்களில் பெரிய அரண். அது இருந்தவர்களின் துயரத்தையும் இல்லாதவர்களின் துயரத்தையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் சம்பளம் வருமானக் கவலையைப் போக்குமே தவிர, மேலே சொன்ன மற்றவற்றில் எதையும் போக்காது. இறந்த சக ஊழியரைத் திரும்பத் தராது, காணாமல்போன மாணவரைத் தராது. அதோடு, வீட்டில் சும்மா இருந்தார்கள் என்ற பேச்சே ஒரு காரணமாகிவிட்டது. பாடநூல் வழங்கியது, சத்துணவுக்கான உலர்பொருள் கொடுத்தது, தெருத்தெருவாக மாணவர் சேர்க்கைக்கு அலைந்தது எதுவும் வெளியே தெரியவில்லை. தெரியாத உழைப்புக்கு அங்கீகாரம் இல்லை. அங்கீகாரம் இல்லாத உழைப்பு மனிதரை வேகமாகத் தேய்க்கும். மருத்துவர்களுக்குக் கைதட்டினோம், தட்டத்தான் வேண்டும். தடுப்பூசியில் ஆசிரியர்களுக்கென்று தனி ஒதுக்கீடு வந்தது 2021 ஆகஸ்ட் இறுதியில்தான், ஆசிரியர் தினத்துக்குச் சில நாள் முன்னால்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது: அந்த இரண்டு ஆண்டுகளில் அதிகம் இழந்தவர்கள் பிள்ளைகள்; ஆசிரியர் மனநலம் பேசுவது கவனத்தைத் திருப்பும். பிள்ளைகளின் இழப்பே பெரிது என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். அந்த இழப்பை ஈடுகட்டப்போவது யார் என்று கேட்டால் மறுபடியும் ஆசிரியரிடம்தான் வந்து நிற்போம். 2021 அக்டோபரில், பிள்ளைகளின் வீட்டருகே தன்னார்வலர்கள் பாடம் சொல்லித்தரும் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கியது. இரண்டு லட்சம் பேர் அளவுக்கு வந்தார்கள், பெரிய துணை. 2022 ஜூனில், தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தையும் கணக்கையும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு எழுத்து தெரியாத நிலையில், ஒரே அறையில் மூன்று நிலையில் இருப்பவர்களுக்குப் பாடம் நடத்த அசாத்தியப் பொறுமை வேண்டும். அப்படிப்பட்ட பொறுமையைத் தூக்கமில்லாத, மனம் சலித்த ஒருவரிடம் எதிர்பார்க்க முடியாது. ஆசிரியரின் மனநிலை பிள்ளையின் கற்றலுக்குப் போட்டியான விஷயம் அல்ல, அதற்கான முன்தேவை.

நெருக்கடியில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை, அதிகாரிகளும் தவித்தார்கள், உத்தரவு மாறத்தானே செய்யும் என்பது மூன்றாவது. உண்மை. கிருமி போகும் போக்குக்கு ஏற்ப முடிவு மாறுவதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் முடிவு மாறுவதும், மாறிய முடிவைத் தொலைக்காட்சிச் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொள்ள வைப்பதும் ஒன்றல்ல. ஏன் மாறியது என்று ஒரு பத்தியில் எழுதிச் சொல்லலாம். ஒரே விவரத்தை நான்கு முறை கேட்காமல் இருக்கலாம். இரவு ஒன்பது மணிக்குப் படிவம் அனுப்பாமல் இருக்கலாம். இவை எதற்கும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை, தடுப்பூசிக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை.

கவுன்சலிங் வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. 2020 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய மனோதர்ப்பண் திட்டம் மாணவர், பெற்றோரோடு ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டது. 2022 அக்டோபர் 10 முதல், தொலைபேசி வழி மனநல உதவிச் சேவையான டெலி மனாஸை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் வரை போனவருக்கு இவை உயிர்காக்கும் வழிகள். இந்தியாவில் மனநலச் சிகிச்சை தேவைப்படுவோரில் மிகப் பெரும்பாலோருக்கு அது கிடைப்பதில்லை என்று நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய ஆய்வு ஏற்கெனவே சொல்லிவிட்டது. ஆசிரியருக்குக் கூடுதலாக ஒரு தடை உண்டு. மனநலம் காரணம் என்று மருத்துவ விடுப்பு எழுதினால் பணிப்பதிவேட்டில் ஏறுமோ, ‘இவரிடமா நம் பிள்ளை படிக்கிறது?’ என்று ஊர் பேசுமோ என்ற பயம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் ரகசியக் காப்பை உரிமையாகவே தருகிறது. துறையின் படிநிலைக்கு வெளியே, மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக, தலைமையாசிரியருக்கும் அலுவலகத்துக்கும் தெரியாமல் போய்வரும் வசதி இருந்தால்தான் அந்த உரிமை ஆசிரியருக்குப் பயன்படும்.

அடுத்த தொற்று எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதற்குள் எழுதிவைக்க வேண்டியவை தெளிவாகத் தெரிகின்றன. கல்வி உரிமைச் சட்டத்துக்கான தமிழக விதிகள் 2011இலேயே வந்துவிட்டன. 27ஆவது பிரிவின் பேரிடர்ப் பணி என்றால் என்ன, அதிகபட்சம் எத்தனை நாள், கர்ப்பிணிகளுக்கும் நாள்பட்ட நோயுள்ளவர்களுக்கும் விலக்கு எப்படி, பாதுகாப்பு உபகரணம் யார் தருவது, காப்பீடு எவ்வளவு என்று அந்த விதிகளில் சேர்க்கலாம். தொற்றுக் காலப் பணிக்குப்பின் 30 நாளுக்குள் அந்த நோயால் நேரும் மரணம் பணி மரணமே என்பதை, உத்தரப் பிரதேசம் போலச் சாவுகளுக்குப் பின் எழுதாமல், இப்போதே எழுதலாம். தனியார் பள்ளிகள் வசூலிக்க அனுமதிக்கப்படும் கட்டணத்தில் ஆசிரியர் ஊதியத்துக்கு முதல் உரிமை என்ற ஒரு வரியைக் கட்டண நிர்ணய ஆணைகளில் சேர்க்கலாம். இந்த மூன்றையும் அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடருக்குள் கேட்டுப் பெறும் பொறுப்பை ஆசிரியர் சங்கங்களுக்கு மட்டும் விட்டுவிடாமல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரும் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பலாம்.